உள்ள நிறம் உள்ளபடியே

கோலார் தங்க வயல் கர்நாடக மாநிலத்தில் உள்ள ஊர். இங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. இவர்களுடைய பாட்டன், பூட்டன் காலத்தில் சுரங்க வேலைக்காக இங்கே வந்தார்கள். 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. 1902-ஆம் ஆண்டு சிவசமுத்திரத்திலிருந்து இந்த ஊருக்கு மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் பூமிக்கு அடியில் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை போனது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன.

சுரங்கம் மூடிவிட்டது. ஆனால் சுரங்கத்தின் அடையாளங்கள் மறையவில்லை. சுரங்க வாய்களின் மேல் இரும்புக் கோபுரங்கள் நிற்கின்றன. வரிசை வரிசையாக லைன் வீடுகள் இருக்கின்றன. ஊரைச் சுற்றிப் பெரிய பெரிய மேடுகள் இருக்கின்றன. மக்கள் இவற்றை சயனைடு மேடு என்பார்கள். கல்லை மாவு போல அரைத்து, சயனைடு கலந்த நீரில் தங்கத்தைக் கரைத்து எடுத்தார்கள். மீதமான தூளைக் கொட்டினார்கள். அப்படிக் கொட்டியது மலை போல் ஆகிவிட்டது. இப்படி 13 மேடுகள் உள்ளன.

இந்த ஊரை மேலே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? ஒரு காலத்தில் அதைப் பறவைகள்தான் பார்த்தன. இன்று ட்ரோன் பார்க்கிறது. கல்யாணம், திருவிழா, கட்டட வேலை என்று எல்லாவற்றிற்கும் ட்ரோன் வந்துவிட்டது. அதை இயக்கி வருமானம் பார்க்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு குறை. எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தால் நிறம் சரியாக இல்லை. வெயிலில் கண் கூசும் வெளிர் மேடு, படத்தில் அழுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. செம்மண் வெளுத்துப் போகிறது. கல்யாணப் பெண்ணின் அரக்குப் புடவை ஊதாவாகத் தெரிகிறது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறுகிறது.

ட்ரோன் கெட்டுவிட்டதா? இல்லை. கேமராவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அவ்வளவுதான். என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேமரா எப்படி நிறத்தைப் பார்க்கிறது?

நம் கண்ணுக்குள் நிறம் அறியும் செல்கள் உண்டு. அவை மூன்று வகை. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளை உணர்பவை. இந்த மூன்றையும் கலந்து எல்லா நிறங்களையும் நாம் காண்கிறோம்.

கேமராவும் இப்படித்தான். அதன் உள்ளே விரல் நகம் அளவுள்ள ஒரு சில்லு இருக்கிறது. அதில் லட்சக்கணக்கான நுண் கட்டங்கள் உண்டு. ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு நிறக் கண்ணாடி இருக்கிறது. பாதிக் கட்டங்களில் பச்சை. கால் பங்கில் சிவப்பு. கால் பங்கில் நீலம். இந்த அமைப்பைக் கண்டுபிடித்தவர் கோடக் கம்பெனியில் வேலை செய்த பிரைஸ் பேயர். 1976-ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைய செல்போன்கள், ட்ரோன்கள் பெரும்பாலானவற்றில் இந்த அமைப்பே இருக்கிறது.

கண்ணும் கேமராவும் ஒரே மாதிரி என்றால், பிறகு ஏன் நிறம் மாறுகிறது?

நம் கண்ணுக்குப் பின்னால் மூளை இருக்கிறது. ஒரு வெள்ளை வேட்டியை வெயிலில் பாருங்கள். வெள்ளை. அதையே இரவில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பாருங்கள். உண்மையில் அதன் மேல் விழுவது மஞ்சள் ஒளி. ஆனாலும் அது வெள்ளை வேட்டி என்றே நமக்குத் தோன்றுகிறது. மூளை அந்த மஞ்சளைக் கழித்துவிடுகிறது.

கேமராவுக்கு மூளை இல்லை. வேட்டி வெள்ளை என்று அதற்குத் தெரியாது. அது கணக்கு மட்டும் போடும். அந்தக் கணக்கு சில சமயம் சரியாக வரும். சில சமயம் தப்பாக வரும். ஆகவே, இந்த வெளிச்சத்தில் வெள்ளை எது என்று நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

முதல் வேலை: வெள்ளையைச் சொல்லுதல்

இதற்குப் பெயர் ஒயிட் பேலன்ஸ். வெள்ளையைச் சமன் செய்வது என்று பொருள். ட்ரோனை இயக்கும் செல்போன் திரையில், கேமரா அமைப்புகளில் இது இருக்கும். அங்கே 'ஆட்டோ' என்று இருக்கும். அதைத் தொட்டால் எண்கள் வரும். எண்களுக்குப் பக்கத்தில் 'கே' என்ற எழுத்து இருக்கும். கெல்வின் என்ற விஞ்ஞானியின் பெயரைக் குறிக்கும் எழுத்து அது.

இந்த எண்ணைப் புரிந்துகொள்ள கொல்லர் பட்டறைக்குப் போக வேண்டும். இரும்பை உலையில் வைத்தால் முதலில் சிவக்கும். இன்னும் சூடு ஏறினால் மஞ்சளாகும். மேலும் ஏறினால் வெண்மையாக ஒளி விடும். அதற்கும் மேலே சூடான பொருளின் ஒளியில் நீலம் கூடும். வானத்தில் சில நட்சத்திரங்கள் நீலமாகத் தெரிவது இதனால்தான். ஆக, குறைந்த எண் என்றால் சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒளி. அதிக எண் என்றால் நீலம் கலந்த ஒளி.

நம்மைச் சுற்றியுள்ள ஒளிகளின் எண்கள் ஏறக்குறைய இவை:

மெழுகுவர்த்தி: 1900
மஞ்சள் குண்டு பல்பு: 2700
சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும்: 3000 முதல் 3500
உச்சி வெயில்: 5500
மேகம் மூடிய வானம்: 6500
நிழல்: 7500

வெயிலில் படம் எடுக்கிறீர்களா? 5500 என்று வையுங்கள். மேகமா? 6500 என்று வையுங்கள். வெள்ளை வெள்ளையாக வரும். மற்ற நிறங்களும் தானாக ஒழுங்காகும்.

எண்ணைத் தப்பாக வைத்தால் என்ன ஆகும்? வெயிலில் 3200 என்று வைத்தால் படம் நீலமாகிவிடும். அதே வெயிலில் 7500 என்று வைத்தால் படம் மஞ்சளாகிவிடும்.

எண் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கப் போகும் அதே வெளிச்சத்தில் கேமராவுக்கு முன்னால் பிடியுங்கள். ட்ரோன் தரையிலேயே இருக்கட்டும். விசிறிகள் சுற்ற வேண்டாம். திரையில் தாள் நீலமாகத் தெரிந்தால் எண்ணைக் கூட்டுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் எண்ணைக் குறையுங்கள். தாள் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஆட்டோவில் விட்டால் என்ன?

ஆட்டோ என்றால் கேமரா தானே முடிவு செய்யும். நின்ற இடத்தில் எடுக்கும் படத்திற்கு அது பல சமயம் போதும். பறந்துகொண்டே எடுக்கும் படத்திற்குப் போதாது.

ட்ரோன் செம்மண் நிலத்தின் மேல் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரை முழுவதும் சிவப்பு. 'வெளிச்சமே சிவப்பாக இருக்கிறது போலும்' என்று கேமரா கணக்குப் போடுகிறது. சிவப்பைக் குறைத்து நீலத்தைக் கூட்டுகிறது. செம்மண் வெளுத்துவிடுகிறது. அடுத்து ட்ரோன் வெளிர் மேட்டின் மேல் போகிறது. கேமரா மறுபடி கணக்கை மாற்றுகிறது. ஒரே படத்தில், ஒரே வெயிலில், நிறம் இரண்டு முறை மாறிவிட்டது. பார்ப்பவருக்கு உடனே உறுத்தும். பிறகு வீட்டில் உட்கார்ந்து இதைச் சரி செய்வதும் கடினம்.

ஆகவே பறக்கும் முன்பே எண்ணை வைத்துவிட வேண்டும். இறங்கும் வரை அதை மாற்றக் கூடாது. வெளிச்சம் மாறினால் மட்டும் புதிய எண் வைக்கலாம்.

மாலை வெயிலை என்ன செய்வது?

இங்கே ஒரு சந்தேகம் வரும். மாலை வெயிலின் எண் 3200. அப்படியானால் கேமராவிலும் 3200 வைக்க வேண்டுமா?

வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மாலையின் பொன்னிறம் முழுவதும் கழிந்துவிடும். மாலை நேரம் பகல் போலத் தெரியும். அங்கே நின்ற நம் கண் அப்படிப் பார்க்கவில்லை. லைன் வீடுகளின் சுவர் பொன்னிறமாக இருந்ததைத்தான் கண் பார்த்தது. ஆகவே மாலையிலும் 5500 அல்லது 5000 என்றே வைக்கலாம். பொன்னிறம் பொன்னிறமாகவே வரும்.

இயற்கை நிறம் என்றால் இதுதான். அந்த இடத்தில், அந்த நேரத்தில், நின்று பார்த்தவர் கண்ட நிறம்.

இரண்டாவது வேலை: வெளிச்சத்தை அளந்து விடுதல்

கேமராவுக்குள் போகும் ஒளியின் அளவும் நிறத்தை மாற்றும். ஒளி அதிகமானால் நிறம் வெளுக்கும். குறைந்தால் நிறம் கறுக்கும். இந்த அளவுக்கு எக்ஸ்போஷர் என்று பெயர்.

கேமராவில் ஒளியை அளக்கும் கருவி உண்டு. அதற்கு ஒரு பழக்கம். எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சத்திற்குக் கொண்டுவரப் பார்க்கும். வீடு, மரம், மனிதர் என்று கலந்திருந்தால் இந்தக் கணக்கு சரியாக வரும். ஒரே வெள்ளையாக இருந்தால் ஏமாந்துவிடும். காஷ்மீரில் பனியைப் படம் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை உண்டு. கோலார் தங்க வயலில் சயனைடு மேட்டைப் படம் எடுப்பவர்களுக்கும் அதே தொல்லைதான். திரை முழுவதும் வெளிர் மேடு. 'வெளிச்சம் மிக அதிகம்' என்று கேமரா ஒளியைக் குறைக்கிறது. மேடு சாம்பலாகிவிடுகிறது.

கறுத்த பொருள் என்றால் இதற்கு நேர்மாறு. பழைய இரும்புக் கோபுரத்தை நெருங்கிப் படம் எடுத்தால், கேமரா ஒளியைக் கூட்டும். கோபுரம் வெளுத்துத் தெரியும். பின்னால் இருக்கும் நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும்.

இதற்கு என்ன செய்வது? கேமரா அமைப்புகளில் கூட்டல், கழித்தல் குறியுடன் ஓர் அளவுகோல் இருக்கும். வெளிர் மேட்டை எடுக்கும்போது அதைக் கூட்டல் பக்கம் 0.7 அல்லது 1 வரை தள்ளுங்கள். கறுத்த பொருளை எடுக்கும்போது கழித்தல் பக்கம் தள்ளுங்கள்.

வெள்ளையை வெள்ளையாக்கப் போய் ஒரேயடியாகக் கூட்டிவிடக் கூடாது. அளவு மீறினால் வெள்ளை எரிந்துவிடும். எரிந்த இடத்தில் மேட்டின் வரிகள், மழைநீர் அறுத்த கோடுகள் எதுவும் இருக்காது. வெறும் வெள்ளைத் தாள் போல இருக்கும். பிறகு யாராலும் அதை மீட்க முடியாது. ஓரளவு இருட்டாக இருக்கும் இடத்தைப் பின்னால் கொஞ்சம் தூக்கிவிடலாம்.

எரிகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வசதி பல ட்ரோன்களில் உண்டு. வெளிச்சம் அளவு மீறிய இடத்தில் திரையில் வரிக்குதிரையின் கோடுகள் போலக் கோடுகள் தோன்றும். கோடு தெரியும் வரை கூட்டுங்கள். பிறகு கோடு மறையும் வரை சிறிது குறையுங்கள். அங்கே நிறுத்துங்கள். அந்த அளவைப் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் பறக்கும்போது படம் இருண்டும் வெளுத்தும் மாறி மாறி வரும்.

மூன்றாவது வேலை: அசைவை இயல்பாகக் காட்டுதல்

வீடியோ என்பது வேகமாக மாறும் பல படங்கள். நொடிக்கு 25 படம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படத்திற்கும் கேமராவின் கதவு திறந்து மூடுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஷட்டர் என்று பெயர். நொடிக்கு 25 படம் என்றால், கதவு திறந்திருக்கும் நேரம் ஒரு நொடியில் 50-இல் ஒரு பங்காக இருப்பது நல்லது. சினிமாக்காரர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் கணக்கு இது. அப்போதுதான் ஓடும் ஆட்டோவும், ஆடும் மரக்கிளையும், நடக்கும் மனிதரும் இயல்பாகத் தெரிவார்கள். நேரம் மிகவும் குறைந்தால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும்.

நம் நாட்டு மின்சாரத்திற்கும் இந்த 50 என்ற எண் பொருந்தும். மின்விளக்கின் கீழ் எடுத்தாலும் படம் மினுக்கி மினுக்கித் தெரியாது.

ஒரு சிக்கல். உச்சி வெயிலில் கதவை இவ்வளவு நேரம் திறந்து வைத்தால் ஒளி வெள்ளமாகப் பாயும். படம் எரிந்துவிடும். பல சிறிய ட்ரோன்களில் ஒளி நுழையும் துவாரத்தைச் சுருக்கவும் முடியாது. வெயிலில் நாம் கறுப்புக் கண்ணாடி போடுகிறோம் அல்லவா? கேமராவுக்கும் அப்படி ஒரு கண்ணாடி உண்டு. அதன் பெயர் என்.டி. பில்டர். இது எல்லா நிற ஒளியையும் ஒரே அளவில் குறைக்கும். நிறத்தை மாற்றாது.

இதிலும் எண்கள் உண்டு. 8 என்றால் எட்டில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும். 16 என்றால் பதினாறில் ஒரு பங்கு. 64 என்றால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. உச்சி வெயிலுக்கு 64 போன்ற பெரிய எண் தேவைப்படும். மேகமூட்டத்திற்கும் மாலைக்கும் 8 அல்லது 16 போதும். ட்ரோனுக்கு ட்ரோன் துவாரத்தின் அளவு வேறு. ஆகவே திரையில் வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மட்டமான பில்டர் வாங்கினால் அதில் லேசான நிறம் கலந்திருக்கும். படம் முழுவதும் பச்சையோ ஊதாவோ ஏறிவிடும். அதனால் பில்டரை மாட்டிய பிறகு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள்.

இன்னொரு எண் ஐ.எஸ்.ஓ. இருட்டில் படத்தை வெளிச்சமாக்க இது உதவும். ஆனால் இதைக் கூட்டினால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும். நிறமும் கலங்கும். பகலில் 100 என்றே வையுங்கள்.

நான்காவது வேலை: நிறத்தைக் கூட்டாமல் விடுதல்

கேமராவில் 'நார்மல்' என்று ஒரு வகை உண்டு. 'லாக்' என்று இன்னொரு வகை உண்டு. எது நல்லது?

நார்மல் என்பது வெந்த சோறு. அப்படியே பரிமாறலாம். லாக் என்பது அரைவேக்காட்டுச் சோறு. பார்க்க வெளுத்து, சப்பென்று இருக்கும். ஆனால் இருட்டான இடத்தின் விவரமும் வெளிச்சமான இடத்தின் விவரமும் அதில் அதிகம் தங்கியிருக்கும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிறத்தைச் சரி செய்யத் தெரிந்தவருக்கு அது பயன்படும். தெரியாதவர் லாக்கில் எடுத்தால் படம் வீணாகும். கற்றுக்கொள்ளும் வரை நார்மலே போதும்.

லாக்கில் எடுப்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாதாரண வீடியோவில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகள் உண்டு. இதை 8 பிட் என்பார்கள். 10 பிட் என்றால் 1024 படிகள். படிகள் அதிகம் இருந்தால், பின்னால் நிறத்தைத் திருத்தும்போது வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழாது. லாக் எடுப்பதென்றால் 10 பிட் இருந்தால் நல்லது.

நிறத்தின் அழுத்தத்தைக் கூட்டும் அமைப்பும் உண்டு. சாச்சுரேஷன் என்று இருக்கும். பலரும் செய்யும் தவறு இங்கேதான். புல் பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்று கூட்டுகிறார்கள். புல் பெயிண்ட் அடித்தது போல ஆகிறது. மனித முகம் தக்காளி போல ஆகிறது. இதை 0-வில் வையுங்கள். கூர்மையைக் கூட்டும் அமைப்பையும் 0-வில் அல்லது ஒரு படி குறைத்து வையுங்கள்.

வீட்டில் படத்தைத் திருத்துகிறீர்களா? முதலில் வெளிச்சத்தைச் சரி செய்யுங்கள். அடுத்து வெள்ளையைச் சரி செய்யுங்கள். கடைசியில்தான் நிறத்தின் அழுத்தம். செல்போனில் கண் பாதுகாப்புக்காகத் திரையை மஞ்சளாக்கும் வசதி உண்டு. வேலை செய்யும்போது அதை அணைத்துவிடுங்கள். அது தெரியாமல் நீலத்தைக் கூட்டிவிட்டால் மற்றவர் போனில் படம் நீலமாகத் தெரியும். முடிந்த படத்தை வேறு இரண்டு போன்களிலும் போட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்புங்கள். தரம் குறையாது.

சினிமாவின் நிறம் வேறு, சாட்சியின் நிறம் வேறு

தமிழில் முழு நீள வண்ணப் படம் முதலில் வந்தது 1956-இல். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்ற படம். அதற்கு முன்பெல்லாம் கறுப்பு வெள்ளைதான். இன்று சினிமாவில் நிறத்தைத் தீர்மானிக்கவே தனிக் கலைஞர்கள் இருக்கிறார்கள்.

2018-ஆம் ஆண்டு 'கே.ஜி.எஃப்.' என்ற கன்னடப் படம் வந்தது. 2022-இல் அதன் இரண்டாம் பாகம் வந்தது. பிரசாந்த் நீல் இயக்கினார். புவன் கௌடா ஒளிப்பதிவு செய்தார். இந்த ஊர்ச் சயனைடு மேட்டிலேயே படப்பிடிப்பு நடந்தது. ஆனால் திரையில் தெரிந்தது வெளிர் மேடு இல்லை. கருமையும் பழுப்பும் கலந்த ஓர் இருட்டு உலகம். அது கற்பனைக் கதை. அந்தக் கதைக்கு அந்த நிறம் வேண்டும் என்று கலைஞர்கள் முடிவு செய்தார்கள். அதில் தவறு இல்லை.

நாம் நம் ஊரைப் படம் எடுப்பது வேறு வேலை. கோடைக் காற்று வீசினால் சயனைடு மேட்டின் தூள் பறக்கிறது. வீட்டுக்குள் வருகிறது. கிணற்றிலும் துணியிலும் படிகிறது. இது இந்த ஊர் மக்களின் நெடுநாள் குறை. மேட்டில் மரம் வளர்க்க வேண்டும், தூள் பறக்காமல் தடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் படம் எடுத்து அதிகாரிகளிடம் காட்டலாம். அப்போது நிறம் முக்கியம். தூள் பயங்கரமாகத் தெரியட்டும் என்று மஞ்சளைக் கூட்டினால் என்ன ஆகும்? 'இது கம்ப்யூட்டரில் செய்த படம்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். உண்மையான குறையும் சேர்ந்து ஒதுங்கிவிடும். ஆட்டோவில் விட்டுத் தூள் மங்கிப் போனாலும் குறை மறைந்துவிடும்.

உள்ளதை உள்ளபடி காட்டும் படமே சாட்சி. வெள்ளைத் தாளை முதலில் பிடித்துக் காட்டி, பிறகு அறுக்காமல் தொடர்ந்து எடுத்த படத்தைச் சந்தேகிப்பது கடினம். மழைக்கு முன் ஒரு படம், மழைக்குப் பின் ஒரு படம் என்று எடுத்து வைத்தாலும் இதே விதிதான். இரண்டிலும் ஒரே எண்கள், ஒரே நேரம், ஒரே இடம் இருக்க வேண்டும். அப்போதுதான் மாறியது மேடா, கேமராவா என்று சொல்ல முடியும்.

பிழைப்புக்கும் இது பொருந்தும். கல்யாண வீட்டார் காசு கொடுப்பது தங்கள் நாளைப் பார்ப்பதற்கு. அரக்குப் புடவை அரக்காகவே தெரிந்தால் அடுத்த வீட்டுக் கல்யாணமும் தேடி வரும்.

பறக்கவிடும் முன்

ட்ரோனுக்குச் சட்டம் உண்டு. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வந்தன. நாட்டின் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சைப் பகுதியில் 400 அடி வரை பறக்கத் தனி அனுமதி தேவையில்லை. மஞ்சள் பகுதியில் அனுமதி வேண்டும். சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. எந்த இடம் எந்த நிறம் என்பதை அரசின் இணைய வரைபடத்தில் பார்க்கலாம். கோலார் தங்க வயலில் பி.இ.எம்.எல். தொழிற்சாலை இருக்கிறது. இத்தகைய இடங்கள் உள்ள ஊரில் வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனை எடுக்கவே கூடாது.

சுரங்க நிலத்திற்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. மூடிய சுரங்கக் குழிகள் ஆபத்தானவை. அடுத்தவர் வீட்டு முற்றத்தையும் குளியல் இடத்தையும் படம் எடுப்பது குற்றம். கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவிட வேண்டாம். பலத்த காற்றில் ஏற்ற வேண்டாம். தூள் விசிறியின் மோட்டாருக்குள் போனால் ட்ரோன் கெட்டுவிடும்.

நினைவில் வையுங்கள்

1. ஒயிட் பேலன்ஸ் எண்ணைப் பறக்கும் முன்பே வையுங்கள். வெயிலுக்கு 5500. மேகத்திற்கு 6500.
2. வெளிர் பொருளுக்கு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கறுத்த பொருளுக்குக் குறையுங்கள். பிறகு பூட்டுங்கள்.
3. நொடிக்கு 25 படம். ஷட்டர் 50-இல் ஒரு பங்கு. வெயிலில் என்.டி. பில்டர்.
4. பகலில் ஐ.எஸ்.ஓ. 100.
5. நிறத்தின் அழுத்தம் 0.

செய்து பாருங்கள்

ட்ரோன் இல்லையா? கவலை வேண்டாம். பல செல்போன் கேமராக்களிலும் 'ப்ரோ' என்ற பகுதியில் ஒயிட் பேலன்ஸ் உண்டு. ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு சிவப்புத் துணியையும் வெயிலில் வையுங்கள். 3000, 5500, 7500 என்று மூன்று எண்களில் மூன்று படம் எடுங்கள். மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எதில் தாள் வெள்ளையாக இருக்கிறது? எதில் துணி நேரில் இருப்பது போல இருக்கிறது?

கலந்து பேசுங்கள்

1. மஞ்சள் பல்பின் கீழ் வெள்ளை வேட்டி நமக்கு வெள்ளையாகவே தெரிவது ஏன்?
2. சயனைடு மேடு படத்தில் சாம்பலாகத் தெரிவதற்குக் காரணம் என்ன?
3. உங்கள் தெருவில் படம் எடுத்துக் காட்ட வேண்டிய குறை எது? அதை எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில் எடுத்தால் உண்மை தெளிவாகத் தெரியும்?